தண்ணீரும் மின்சாரமும்

குழந்தைகளே! 1947-ல் நாம் விடுதலை பெற்றபோது, இந்தியாவின் வரைபடம் இன்று போல் இல்லை. 550-க்கும் அதிகமான சமஸ்தானங்கள் மன்னர்களின் ஆட்சியில் இருந்தன. சர்தார் வல்லபாய் படேல் அவற்றை நாட்டோடு இணைத்தார். நாடு ஒன்றாயிற்று. ஆனால், பழைய சண்டைகளும் அன்றோடு தீர்ந்தனவா?

தீரவில்லை. காவிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். மைசூர், மன்னராட்சியில் இருந்தது. சென்னை மாகாணமோ ஆங்கிலேயர் கையில் இருந்தது. காவிரி நீர் பற்றி இரண்டும் 1892-லும் 1924-லும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அந்த ஒப்பந்தங்கள் தனக்குப் பாதகமானவை என்பது கர்நாடகத்தின் வாதம். தலைமுறை தலைமுறையாக நெல் விளைவிக்கும் டெல்டா, நீரின்றிக் கருகும் என்பது நம் வாதம். ஒரே நாடான பிறகும் இந்த வழக்கு ஓயவில்லை.

எங்கள் நெய்வேலிக்கும் அது வந்தது. மழை பொய்த்த 2002-ம் ஆண்டு, அக்டோபர் மாதம், தமிழ்த் திரையுலகினர் இங்கே திரண்டு போராடினர். தண்ணீர் தராத கர்நாடகத்துக்கு நெய்வேலி மின்சாரம் எதற்கு என்று கேட்டனர்.

கேட்டதும் நியாயமாகத்தான் தோன்றும். பயிர் வாடும்போது கோபம் வராதா? ஆனால், சற்று யோசியுங்கள். இங்குள்ள இரண்டாம் அனல் மின் நிலையத்தின் மின்சாரம், தென் மாநிலங்களுக்கும் புதுச்சேரிக்கும் பங்கிடப்படுகிறது. எங்கள் மண்ணில் கிடைப்பது எங்களுக்கே என்று நாம் சொன்னால், எங்கள் மலையில் பிறக்கும் ஆறு எங்களுக்கே என்று அவர்களும் சொல்லலாமே! அது, உட்கார்ந்திருக்கும் கிளையை நாமே வெட்டுவது போலாகும்.

நமக்குப் பலன் தந்தது சட்டத்தின் வழிதான். 1990-ல் காவிரி நடுவர் மன்றம் அமைந்தது. 2007-ல் இறுதித் தீர்ப்பு வந்தது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், ஆறு எந்த ஒரு மாநிலத்துக்கும் சொந்தமல்ல என்றது. ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. நீரைக் கர்நாடகம் தரவேண்டும் என்றும் கூறியது. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. அதே ஆண்டில் காவிரி மேலாண்மை ஆணையமும் அமைந்தது.

இருந்தும், மழை குறைந்த 2023-ல் மீண்டும் தகராறு எழுந்தது. நல்ல மழை பெய்தால் சண்டை அடங்குகிறது. பற்றாக்குறை வந்தால் எழுகிறது. பற்றாக்குறையை எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் இன்னும் சிக்கல் இருக்கிறது.

எனவே, நாளிதழில் மேட்டூர் அணையின் நீர்மட்டம் பார்க்கும்போது, கர்நாடகத்தின் கிருஷ்ணராஜசாகர் நீர்மட்டத்தையும் பாருங்கள். இரண்டையும் தெரிந்துகொண்டு நம் பங்கைக் கேட்போம். அப்போதுதான் நம் குரலுக்கு வலு இருக்கும்.