தவ்பா செய்தவரின் நெஞ்சு படபடக்கும்போது



ஒரு ஷஅபான் மாதத்தின் இறுதியில், மஃரிப் தொழுகைக்குப் பின் ஒரு சகோதரர் நம்மிடம் வந்து அழுதார். பத்தாண்டுகளுக்கும் மேலாக நாள்தோறும் குடித்தவர். ரமளான் வருகிறது, இனி அதைத் தொடுவதில்லை என்று உறுதி சொல்லி தவ்பா செய்தார். நாமும் அவருடைய கரத்தைப் பற்றி துஆச் செய்து வழியனுப்பினோம். மறுநாள் மாலை, நம்மிடம் ஓதும் அவருடைய மகன் மதரஸாவுக்கு ஓடி வந்தான். "ஹஜ்ரத், அத்தாவுக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது. கையெல்லாம் நடுங்குது. அம்மா உங்களக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்றான்.

போய்ப் பார்த்தோம். வியர்த்து நனைந்த சட்டையுடன், நெஞ்சில் கை வைத்து அமர்ந்திருந்தார். சுற்றி நின்றவர்களில் ஒருவர், செய்த பாவத்துக்கு அல்லாஹ் கொடுக்கும் தண்டனை என்றார். இன்னொருவர், ஜின்னின் சேட்டை, ஓதிப் பார்க்க வேண்டும் என்றார். மூன்றாமவர், மருத்துவமனைக்குப் போனால் ஊரெல்லாம் தெரிந்துவிடும், வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். நாம் என்ன செய்தோம்? தண்ணீர் ஓதிக் கொடுத்தோம், பொறுமையாக இருக்கச் சொன்னோம், திரும்பிவிட்டோம். அன்றிரவு அவருக்கு வலிப்பு வந்தது. பக்கத்து வீட்டார் 108-ஐ அழைத்தார்கள். அல்லாஹ்வின் கருணையால் அவர் உயிர் பிழைத்தார். "நேற்றே ஏன் அழைத்து வரவில்லை?" என்று மருத்துவர் கேட்டபோது நமக்கு வாய் எழவில்லை.

அந்தக் கேள்விக்குத் தாமதமாக நாம் தரும் பதிலே இக்கட்டுரை. நமக்கு எதிராகவும் நம்மைப் போன்றோருக்கு எதிராகவும் இதனை எழுதுகிறோம்.

அந்த நெஞ்சுக்குள் நடப்பது என்ன?

மது மூளையின் வேகத்தைத் தணிக்கும் பொருள். அது நாள்தோறும் உள்ளே இறங்கும்போது, மூளை அதற்கு ஈடுகொடுக்கத் தன் உந்துவிசையைக் கூட்டிக்கொள்கிறது. இழுத்துப் பிடித்த கடிவாளத்துக்கு எதிராகக் குதிரை வலுவேற்றிக்கொள்வதைப் போன்றது இது. ஒருநாள் கடிவாளம் சட்டென்று அறுந்தால் குதிரை தறிகெட்டு ஓடும். அட்ரினலின் பெருகுகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, இதயம் விரைந்து துடிக்கிறது. நீண்டகாலம் குடித்தவரின் உடலில் மக்னீசியமும் பொட்டாசியமும் குறைந்திருப்பதுண்டு. அவை குறைந்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கே கெடலாம். பி 1 வைட்டமினாகிய தயமின் குறைந்திருந்தால் மூளையும் இதயமும் பாதிக்கப்படும்.

இதற்கொரு கால அளவும் உண்டு. கடைசியாகக் குடித்த 6 முதல் 12 மணி நேரத்துக்குள் நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் பெரும்பாலும் தொடங்கிவிடும். 24 முதல் 72 மணி நேரத்துக்குள் அவை உச்சத்தை எட்டும். வலிப்பு வருமாயின் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். சிலருக்கு இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் புத்தி தடுமாறும், இல்லாதவை கண்ணுக்குத் தெரியும், காய்ச்சல் அடிக்கும். இந்நிலை உயிரைப் பறிக்கக்கூடியது. பலருக்கு ஒரு வாரத்தில் உடல் அடங்கிவிடுகிறது. ஆயினும் இரவில் திடுக்கிட்டு விழிப்பதும் இடையிடையே நெஞ்சு படபடப்பதும் சில வாரங்கள் தொடர்வதுண்டு. வலுவான தேநீரும் காப்பியும் சிகரெட்டும் அதனைக் கூட்டும். தராவீஹ் முடிந்து கடைத்தெருவில் குடிக்கும் நான்காவது தேநீரை அவருக்கு நீட்டாதிருப்பதும் ஓர் உதவிதான்.

"அல்லாஹ்வின் தண்டனை" என்போருக்கு

குடித்துக்கொண்டிருந்த காலமெல்லாம் துடிக்காத நெஞ்சு, நிறுத்திய நாளில் துடிக்கிறது. இதனைத் தண்டனை என்று சொன்னால், தவ்பாவுக்கே தண்டனை என்று சொன்னதாகிவிடும். உங்கள் சொல்லின் பொருள் எங்கே போய் முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். தவ்பா செய்பவரை நேசிப்பதாக அல்லாஹ் தன் வேதத்தில் அறிவித்திருக்கிறான். அவன் நேசிப்பவரை நாம் நோகடிப்பது எந்த மார்க்கம்?

குடித்த ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவரப்பட்டு, உரிய தண்டனை வழங்கப்பட்ட பின், கூட்டத்தில் சிலர் அவரை இழிவுபடுத்திச் சபித்தார்கள். அவ்வாறு சொல்லாதீர்கள், அவருக்கு எதிராக ஷைத்தானுக்குத் துணைபோகாதீர்கள் என்ற கருத்தில் நபியவர்கள் தடுத்ததை புகாரியில் காண்கிறோம். குற்றம் நிறுவப்பட்டவருக்கே இந்தப் பாதுகாப்பு என்றால், குடியை விட்டுத் திரும்பி வந்தவருக்கு எவ்வளவு பாதுகாப்பு உரியது?

"ஜின்னின் சேட்டை" என்போருக்கு

ஜின் உண்டென்று நம்புகிறோம். குர்ஆனில் நிவாரணம் உண்டென்றும் நம்புகிறோம். ஓதிப் பார்ப்பதை நாம் மறுக்கவில்லை, நாமே ஓதுகிறவர்தாம். ஆனால் ஓதுவதை மருத்துவமனையின் வாசலை அடைக்கும் கதவாக ஆக்கியது யார்? மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமப்புற அரபிகள் கேட்டபோது, செய்துகொள்ளுமாறே நபியவர்கள் பணித்தார்கள். சஅத் (ரலி) அவர்கள் நோயுற்றபோது நபியவர்கள் அவருடைய நெஞ்சில் கை வைத்துப் பார்த்து, இதய நோய் என்று கூறி, ஹாரிஸ் பின் கலதா என்னும் மருத்துவரிடம் செல்லச் சொன்னதாக அபூதாவூதில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர் பற்றி ஹதீஸ் கலை அறிஞர்கள் பேசியிருக்கிறார்கள். ஆயினும் மருத்துவத்தை நாடுவது பற்றிய ஏனைய அறிவிப்புகளோடு அது ஒத்தே நிற்கிறது. நெஞ்சில் கை வைத்தவர் மருத்துவரிடம் அனுப்பினார். நாமோ நெஞ்சில் தாயத்தைக் கட்டி அறைக்குள் அனுப்புகிறோம்.

"கொஞ்சம் குடித்தால் அடங்கிவிடும்" என்போருக்கு

பழைய குடிக்கூட்டாளிகள் சொல்லும் வைத்தியம் இது. குடித்தால் அந்த நேரத்துக்கு நடுக்கம் அடங்கும் என்பது உண்மையே. அறுந்த கடிவாளத்தை மீண்டும் கட்டினால் குதிரை நிற்கத்தான் செய்யும். ஆனால் அடுத்த முறை நிறுத்தும்போது அதே படபடப்பு திரும்பி வரும், பெரும்பாலும் முன்னிலும் கடுமையாக. மருந்துக்காக மது தயாரிக்கலாமா என்று கேட்ட தோழருக்கு, அது மருந்தல்ல, நோயே என்று நபியவர்கள் விடையளித்தது முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

இதற்காக, நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவரைத் தனியே ஓர் அறையில் விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தச் சொல்வதும் தவறு. நிறுத்துவதைத் தள்ளிப்போடுமாறு நாம் சொல்லவில்லை. மருத்துவரின் கண்காணிப்பில் நிறுத்துமாறு சொல்கிறோம். தவ்பா செய்த அன்றே மருத்துவரிடமும் செல்ல வேண்டும். முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், இதய நோயோ கல்லீரல் நோயோ உள்ளவர், வயது முதிர்ந்தவர் ஆகியோருக்கு இது இன்னும் இன்றியமையாதது.

"மாத்திரையும் போதைதானே" என்போருக்கு

குடியை நிறுத்துகிறவருக்கு மருத்துவர்கள் மூளையை அமைதிப்படுத்தும் மாத்திரைகளைச் சில நாள்களுக்குத் தந்து, பின் படிப்படியாகக் குறைத்து நிறுத்துகிறார்கள். வலிப்பும் புத்தித் தடுமாற்றமும் வராமல் தடுக்கவே அவை. கூடவே தயமினும் தருவார்கள். இம்மாத்திரைகளை ஹராம் என்று கருதித் தூக்கி எறிந்த வீடுகளை நாம் அறிவோம். அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்து ஏற்பவர்கள் இதை மறுப்பது எந்த ஃபிக்ஹின்படி? மருத்துவர் எழுதிய அளவில், எழுதிய நாள்வரை உட்கொள்வது சிகிச்சை. கடையில் தாமே வாங்கி விழுங்குவதும், நாள் கடந்து தொடர்வதும் வேறு; அதனை நாமும் கண்டிக்கிறோம்.

நோன்பைப் பற்றியும் ஒரு சொல். நோயாளி நோன்பை விட்டு வேறு நாள்களில் கழா செய்யக் குர்ஆனே அனுமதிக்கிறது. நீரும் மருந்தும் தேவைப்படும் அந்த முதல் நாள்களில், வெட்கத்துக்காக நோன்பு வைத்து உயிரைப் பணயம் வைக்குமாறு அல்லாஹ் கேட்கவில்லை.

"ஊருக்குத் தெரிந்தால் மானம் போகும்" என்போருக்கு

இவர்களோடுதான் நமக்குப் பெரும் வழக்கு. டாஸ்மாக் 1983-இல் தொடங்கப்பட்டு, 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. அக்கடைகளின் வரிசையில் நம் மஹல்லாப் பிள்ளை ஒருவன்கூட நிற்பதில்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லக்கூடிய முத்தவல்லி யார்? குடிப்பவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய மனைவியர் கொல்லைப்புறத்தில் அழுகிறார்கள். நாம் ஜும்ஆ மேடையில் மதுவின் தீமையை முழங்கிவிட்டு இறங்குகிறோம். விட்டுவிட்டேன் என்று வருபவர் அடுத்த மூன்று நாள்களை எப்படிக் கடப்பார் என்று ஒருநாளும் சொல்லித் தந்ததில்லை. மானத்துக்கு அஞ்சி மறைத்தவர் ஜனாஸாவாக வெளியே வரும்போது, அந்த மானத்தை எங்கே வைத்துக் காப்பாற்றப் போகிறோம்?

ஆகவே நம் குடும்பங்கள் இவற்றை மனத்தில் இருத்திக்கொள்ளட்டும். ஓய்வாக இருக்கும்போது நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிப்பது இயல்பு. ஓய்விலும் 100-ஐத் தாண்டி நிற்குமாயின், அல்லது தாளம் தப்பித் துடிக்குமாயின், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், மயக்கம், வலிப்பு, புத்தித் தடுமாற்றம், கடுங்காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் யாரிடமும் யோசனை கேட்டு நிற்காமல் 108-ஐ அழையுங்கள். எத்தனை ஆண்டு, எவ்வளவு குடித்தார், கடைசியாக எப்போது குடித்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அங்கே மறைப்பது மானத்தைக் காக்காது, மருந்தைத்தான் திசைதிருப்பும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநல மருத்துவப் பிரிவுகளில் இதற்குச் சிகிச்சை உண்டு. போதை மீட்பு ஆலோசனைக்கு 14446 என்னும் கட்டணமில்லா எண்ணும், மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் எண்ணும் இயங்குகின்றன.

ஜமாஅத்துகளிடமும் ஒன்று கேட்கிறோம். குடித்தவருக்கு அபராதம் எழுதும் ஏட்டை மூடி வையுங்கள். விட்டுவிட்டேன் என்று வருபவரோடு மருத்துவமனைக்குச் செல்ல, வாய் காக்கத் தெரிந்த இருவரை நியமியுங்கள். அவர் படுத்திருக்கும் நாள்களில் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பாருங்கள். ஆலிம்களாகிய நாமோ, தண்ணீர் ஓதிக் கொடுத்த கையாலேயே ஆட்டோவையும் அழைக்கக் கற்றுக்கொள்வோம்.

அந்தச் சகோதரர் இன்று ஃபஜ்ருக்கு வருகிறார். அவ்வப்போது நெஞ்சு படபடப்பதாகச் சொன்னார். மறுபரிசோதனைக்கு நாமே உடன் சென்று வந்தோம். அவருடைய மகன் இப்போது அம்ம ஜுஸ்உ ஓதி முடித்திருக்கிறான். முதல் நாள் நாம் செய்த பிழையை அவர் ஒருமுறைகூடச் சொல்லிக் காட்டவில்லை. அதனால் அது நம் கணக்கிலிருந்து நீங்கிவிடாது.

யா அல்லாஹ், உன் பக்கம் திரும்பியவர்களின் நெஞ்சங்களை அமைதிப்படுத்துவாயாக. அவர்களுக்கு ஷிஃபாவைத் தருவாயாக. அவர்களுக்கு எதிராக ஷைத்தானுக்குத் துணைபோவதிலிருந்து எங்கள் நாவுகளைக் காப்பாயாக. ஆமீன்.