நாய்க்கு வந்த நோயும் தாய்க்கு வந்த சோதனையும்

பேய், பிசாசு, ரத்தக் காட்டேரி என்று பயமுறுத்தும் படங்கள் எத்தனையோ வந்திருக்கின்றன. தியேட்டரை விட்டு வெளியே வந்ததும், ‘அடப் போங்கப்பா, எல்லாம் கட்டுக்கதை!’ என்று சிரித்துவிடலாம். ஆனால், அப்படிச் சிரித்துவிட்டுப் போக முடியாத பயங்கரப் படம் ஒன்று உண்டு. அதில் பேயும் இல்லை, பில்லி சூனியமும் இல்லை. ஒரு வீட்டு நாய், ஒரு தாய், ஒரு சின்னப் பிள்ளை, பழுதாகிப் போன ஒரு கார். அவ்வளவுதான்.

படத்தின் பெயர் ‘கூஜோ’. ஸ்டீபன் கிங் 1981-ல் எழுதிய நாவலை, 1983-ல் லூயிஸ் டீக் படமாக்கினார். தாய் டானாவாக நடித்தவர் டீ வாலஸ். 1982-ல் வந்த ‘ஈ.டி.’ படத்தில் அந்தக் குழந்தைகளுக்கு அம்மாவாக வந்தாரே, அவரேதான்.

கதை அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்துச் சின்ன ஊர் ஒன்றில் நடக்கிறது. கார் மெக்கானிக் ஒருவர் வீட்டில் வளரும் செயின்ட் பெர்னார்ட் நாய்தான் கூஜோ. யானைக்குட்டி மாதிரி உடம்பு, பச்சைப் பிள்ளை மாதிரி மனசு. ஒருநாள் முயலைத் துரத்திக்கொண்டு ஓடி, ஒரு பொந்துக்குள் தலையை விடுகிறது. உள்ளே வௌவால்கள். அதில் ஒன்று மூக்கில் கடித்துவிடுகிறது. சின்னக் காயம். யாரும் கவனிக்கவில்லை. அந்த வௌவாலுக்கு வெறிநோய் இருந்தது. நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கவில்லை.

டானா தன் மகன் டாடைக் கூட்டிக்கொண்டு, ரிப்பேரான காரை மெக்கானிக் வீட்டுக்கு ஓட்டி வருகிறாள். கணவனோடு மனஸ்தாபம், அவனும் ஊரில் இல்லை. மெக்கானிக்கின் மனைவியும் மகனும் வெளியூர் போயிருக்கிறார்கள். மெக்கானிக்கோ நாய்க்குப் பலியாகிக் கிடக்கிறார். வாசலில் வந்து நின்ற கார் மறுபடி கிளம்ப மறுக்கிறது. வெறி ஏறிய நாய் வெளியே. தாயும் பிள்ளையும் உள்ளே. வெயிலோ கொளுத்துகிறது. ஜன்னலைத் திறக்க முடியாது. குடிக்கத் தண்ணீர் தீர்ந்து போகிறது. பிள்ளைக்கு மூச்சுத் திணறுகிறது. தப்பிக்கப் பார்த்த தாயை நாய் கடித்துக் குதறிவிடுகிறது. அந்த நிலையிலும், ‘என் பிள்ளையைக் காப்பாத்தணும்’ என்ற ஒரே வைராக்கியத்தில் அவள் கடைசியில் வெளியே இறங்குகிறாளே, அந்த இடத்தில் வயிற்றைப் பிசையாத தாய் இருக்க முடியாது.

படத்தில் பிள்ளை பிழைத்துக்கொள்கிறான். நாவலில் அப்படி இல்லை. நாய் அவனைத் தொடக்கூட இல்லை, வெப்பமும் தாகமும் அவனைக் கொண்டுபோய்விடுகின்றன. பூட்டிய காருக்குள் குழந்தையை விட்டுவிட்டு, ‘இதோ ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்’ என்று கடைக்குள் நுழைகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் வெகு சீக்கிரம் அடுப்புச் சூடு ஏறிவிடும்.

படம் எடுத்த விதம் ஒரு தமாஷ். பல நாய்களை மாற்றி மாற்றி நடிக்க வைத்தார்களாம். வாயில் வழியும் பயங்கர நுரை, முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் கலந்து அடித்தது. நாய்கள் ருசி கண்டு அதை நக்கி நக்கித் தின்றுவிடுமாம்! கோபமாகப் பாய வேண்டிய இடத்தில் சந்தோஷமாக வாலை ஆட்டிவிடுவதால், வாலைக் கட்டிவைக்க வேண்டியிருந்ததாம். ஆல்ப்ஸ் மலைக் கணவாயில், பனியில் சிக்கிய வழிப்போக்கர்களைத் தேடிக் காப்பாற்றுவதற்கென்று மடத்துத் துறவிகள் வளர்த்த இனம் அல்லவா!

இங்கேதான் ஒரு முக்கியமான விஷயம். கூஜோ கெட்ட நாய் இல்லை. நோய்தான் அதைக் கெடுத்தது. ‘எங்க வீட்டு நாய் ரொம்ப சாது, யாரையும் ஒண்ணும் பண்ணாது’ என்று பெருமையாகச் சொல்கிறோமே, சாதுவான குணம் வெறிநோய்க்குத் தடுப்பு ஆகாது. ஊசி மட்டும்தான் தடுப்பு.

நாவலில் என் மனசை உறுத்துவது இன்னொரு கட்டம். வெளியூர் கிளம்பும் நாளன்று மெக்கானிக்கின் மகன், தன் நாய்க்கு என்னவோ ஆகிவிட்டதைப் பார்த்துவிடுகிறான். ‘அப்பாகிட்ட சொல்லணும்’ என்கிறான். தாயோ, சொன்னால் பயணமே நின்றுவிடும் என்று அவன் வாயை அடைத்துவிடுகிறாள். அவளைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. முரட்டுக் கணவனிடம் போராடி வாங்கிய அவகாசம் அது. ஆனால் அந்த மௌனத்துக்கு எத்தனை உயிர் விலை!

நம் வீடுகளிலும் இந்த மௌனம் உண்டு. தெருவில் விளையாடும் பையனை நாய் லேசாகப் பிராண்டிவிடும். ‘வீட்ல சொன்னா அம்மா அடிப்பாங்க, ஊசி போடுவாங்க’ என்று டிராயரை இழுத்துவிட்டுக்கொண்டு, சத்தம் போடாமல் சாப்பிட உட்கார்ந்துவிடுவான். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, வெறிநாய்க்கடிக்குப் பலியாகிறவர்களில் 100-க்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். ஆகவே இன்றே பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, ‘நாயோ பூனையோ குரங்கோ கடிச்சாலும் சரி, பிராண்டினாலும் சரி, உடனே அம்மாகிட்ட சொல்லணும். அம்மா திட்ட மாட்டேன்’ என்று சொல்லிவையுங்கள். சொன்னபடி திட்டாமலும் இருங்கள்!

இந்த நோயின் சூட்சுமம் என்ன? எச்சிலில் இருக்கும் கிருமி, காயத்தின் வழியே நரம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல மூளையை நோக்கி ஏறுகிறது. அதற்குச் சாதாரணமாக 2, 3 மாதம் ஆகும். சிலருக்கு ஒரு வாரத்திலும் வரலாம். ஒரு வருஷம் கழித்தும் வரலாம். அதுவரை ஆள் ஜோராக நடமாடுவார். தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுக்கிக்கொள்ளும் கட்டம் வந்துவிட்டால், பிறகு பிழைப்பது ஏறக்குறைய இல்லை என்றே சொல்லிவிடலாம். கிருமி ஏறி முடிப்பதற்குள் ஊசியை முந்திக்கொள்ளச் செய்ய வேண்டும். அதனால்தான் அவசரம்.

இந்த ஊசிக்குப் பின்னாலும் ஒரு தாய் இருக்கிறாள். 1885 ஜூலை மாதம், வெறிநாய் பல இடங்களில் கடித்த தன் 9 வயது மகன் ஜோசப் மைஸ்டரை அழைத்துக்கொண்டு, அவள் பாரிஸில் லூயி பாஸ்டரிடம் ஓடினாள். அதுவரை மனிதர் யாருக்கும் போட்டு நிச்சயப்படுத்தாத மருந்து. தயங்கித் தயங்கித்தான் பாஸ்டர் சம்மதித்தார். பையன் பிழைத்தான். நம் குன்னூரில் 1907-ல் தொடங்கிய பாஸ்டர் நிலையத்துக்கும் அவர் பெயரைத்தான் வைத்தார்கள்.

நாய், பூனை, குரங்கு எது கடித்தாலும் செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, காயத்தை 15 நிமிஷம் விடாமல் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பாதிக் கிருமி வெளியே போவது இதில்தான்.

2. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள், எண்ணெய் எதையும் வைக்காதீர்கள். இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

3. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு ஆஸ்பத்திரிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஊசி இலவசம். ‘தொப்புளைச் சுற்றி 14 ஊசி’ என்று பயப்பட வேண்டாம். அந்தக் காலம் மலையேறிவிட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். தோலில் போடும் முறையானால் முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28-ம் நாட்களிலும். தசையில் போட்டால் 14-ம் நாளும் சேரும். ‘காயம்தான் ஆறிடுச்சே’ என்று நடுவில் நிறுத்தக் கூடாது.

4. ரத்தம் வரும்படி கடித்திருந்தால், காயத்தைச் சுற்றியே இன்னொரு மருந்தும் போட வேண்டும். அதற்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் தட்டாமல் போங்கள்.

5. ‘நாய் நல்லாத்தானே இருக்கு, 10 நாள் பார்க்கலாம்’ என்று காத்திருக்க வேண்டாம். முதலில் ஊசி, நாயைக் கவனிப்பது கூடவே நடக்கட்டும்.

6. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். பத்தியம் எதுவும் தேவையில்லை.

புண் இருக்கும் இடத்தில் நாய் நக்கினாலும், ரத்தம் வராமல் லேசாகப் பிராண்டினாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

வெறிநோய் பிடித்த நாயெல்லாம் கூஜோ மாதிரி பாய்ந்து வரும் என்றும் நினைக்காதீர்கள். சில நாய்கள் நேர்மாறாக, தாடை தொங்க, எச்சில் ஒழுக, இருட்டு மூலையில் சுருண்டு கிடக்கும். ‘ஐயோ பாவம், தொண்டையில் எலும்பு மாட்டிடுச்சு போல’ என்று வாய்க்குள் கைவிடுவது பேராபத்து. நாயின் குரல் மாறினாலும், கல்லையும் மண்ணையும் தின்றாலும், பிள்ளைகளைத் தள்ளிவைத்துவிட்டுக் கால்நடை டாக்டருக்குச் சொல்லியனுப்புங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, ‘நாயே வேண்டாம்’ என்று வீட்டு நாயைத் தெருவில் விட்டுவிடாதீர்கள். அது இன்னும் பெரிய பாவம். குட்டிக்கு 3 மாதம் ஆனதும் முதல் ஊசி, பிறகு டாக்டர் சொன்னபடி தவறாமல் வருஷா வருஷம். போட்ட தேதியை, பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே குறித்துவையுங்கள்.

அந்த நாவலும் நாயை வெறுத்து முடியவில்லை. கணவனை இழந்த மெக்கானிக்கின் மனைவி, சில மாதங்கள் கழித்து மகனுக்கு ஒரு புதுக் குட்டியைக் கொண்டுவந்து தருகிறாள். இந்தத் தடவை, தடுப்பூசி போட்ட குட்டி.