தீவுப் பட்டறைக்கு எந்தத் தரை?

மன்னார் தீவில் பட்டறை போடுகிறவர்கள் கூரைக்கும் கருவிகளுக்கும் பார்க்கிற கணக்கைத் தரைக்குப் பார்ப்பதில்லை. தூண், தகரம், ஷட்டர், செயின் புளொக் எல்லாம் வாங்கி முடிந்து மிஞ்சுகிற காசில்தான் தரை. அந்தக் காசும் கண்ணுக்குத் தெரிகிற மினுக்கத்துக்கே போகிறது: ரைல்ஸ், பெயின்ற், இப்போது எபொக்சி. பேசாலைக் கரையில் வெளியிணைப்பு எஞ்சின் திருத்திப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தத் தீவில் தரைக்கென்று இருக்கிற காசை முதலில் மண்ணுக்கும் கொங்கிறீட்டுக்கும் நடுவில் போடவேண்டும். மேற்பூச்சைப் பற்றிப் பிறகு பேசலாம்.

எங்கள் நிலம் அப்படிப்பட்டது. தீவு முழுக்க மணல். பல இடங்களில் சில அடி தோண்டினாலே தண்ணீர் கண்டுவிடும். மாரியில் அது இன்னும் மேலே வரும். அந்த ஈரம் கொங்கிறீட்டின் நுண்துளைகள் வழியே ஏறும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு வருகிறது. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு தங்கிவிடும். தரை வெள்ளை பூப்பது இதனால்தான். ஈரம் வெளியேற விடாத பூச்சொன்று மேலே இருந்தால் இரண்டும் அதன் அடியில் அடைபட்டுக் கொப்புளம் கட்டும். பிறகு பூச்சு தகடு தகடாக உரியும்.

எபொக்சி கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. காய்ந்த தரையில் முறையாகப் பூசினால் டீசலோ ஒயிலோ உள்ளே இறங்காது, துடைத்துவிட்டுப் போகலாம். ஆனால் பைபர் படகுக்கு ஒட்டுப்போடுகிற எவரும் ஈரமான உடம்பில் றெசின் பூசமாட்டார். காயவிட்டு, உரஞ்சி, தூசு தட்டிய பிறகுதான் கை வைப்பார். எபொக்சியும் றெசின்தான், படகுக்குக் காட்டுகிற அந்தப் பொறுமை தரைக்கும் வேண்டும். பரீட்சை மிக இலேசானது. ஒன்றரை அடிச் சதுரத்தில் பொலித்தீன் துண்டொன்றை வெட்டித் தரையில் விரித்து, நான்கு ஓரத்தையும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். எடுக்கும்போது அடியில் வியர்த்திருந்தாலோ கொங்கிறீட் கறுத்திருந்தாலோ பூசக்கூடாது. இதை மாரியில் செய்து பார்க்கவேண்டும். கோடையில் எந்தத் தரையும் காய்ந்ததாகத்தான் தெரியும்.

இன்னொன்று, எங்கள் பட்டறைகள் பாதி திறந்தவை. வெயில் படுகிற பக்கத்தில் எபொக்சி மஞ்சளித்து மங்கும். சோளகம் அள்ளிவருகிற மணல் காலில் மிதிபட்டு அதைக் கீறிக்கொண்டே இருக்கும். ரைல்ஸ் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 25 குதிரை வலு எஞ்சின் ஏறத்தாழ 50 கிலோ இருக்கும். அதன் அடிப்பகுதி ஒருமுறை இடித்தாலே ரைல்ஸ் உடைந்துவிடும். ஒயில் சிந்தினால் ஆளையும் விழுத்தும்.

அப்படியானால் என்ன செய்யவேண்டும்? சுற்று நிலத்தைவிட ஓரடி உயர்த்தி, மண்ணைத் தண்ணீர் விட்டு இறுக்கி, சல்லி பரப்பி மணலால் மட்டப்படுத்துங்கள். அதன்மேல் 1000 கேஜ் பொலித்தீனை, ஒன்றின்மேல் ஒன்று ஓரடி ஏறும்படி விரியுங்கள். பிறகு 1:2:4 கலவையில் 4 அங்குலக் கொங்கிறீட். வாகனம் ஏறுமானால் 6 அங்குலம். கடற்கரை மணலும் உவர்க் கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம், கம்பி போட்டிருந்தால் அவற்றின் உப்பு அதைத் தின்றுவிடும். தண்ணீர் கூடிய கலவை இழுக்கச் சுகமாக இருக்கும்; காய்ந்த பிறகு அதன் மேற்பரப்பு மாவாக உதிரும். மினுக்கத்துக்காகக் காய்ந்த சீமெந்தைத் தூவித் தேய்க்கிற வழக்கத்தையும் விடவேண்டும், அந்தத் தோல் ஒருநாள் கழன்று வரும். சோளகக் காலமானால் விடியப்புறமே வார்த்து முடியுங்கள். காற்று மேலீரத்தை உறிஞ்சிவிட்டால் முதல் நாளே வெடிப்பு விழும். குறைந்தது 7 நாள் நனைந்த சாக்கு மூடியிருக்கட்டும்.

28 நாள் கழிய, சிலிக்கேற் திரவத்தைப் பூசுங்கள். அது கொங்கிறீட்டில் மிஞ்சியிருக்கும் சுண்ணாம்போடு சேர்ந்து துளைகளுக்குள்ளேயே இறுகுகிறது. மேலே படலமாக நிற்காததால் உரிவதற்கு எதுவும் இல்லை. தேய்மானத்தைத் தாங்கும், தூசும் எழாது. ஒயில் கறை பிடிக்கத்தான் செய்யும், சிந்தியதை உடனே துடைக்கவேண்டும். பற்றறி அசிட்டை இது தடுக்காது. அந்த மூலைக்குப் பிளாஸ்ரிக் தட்டு வையுங்கள்.

பட்டறைத் தரை உரிமையாளரின் சொந்த விடயம் என்று விட்டுவிட முடியாது. தீவின் நல்ல தண்ணீர் மணலுக்குள், உப்புத் தண்ணீருக்கு மேலே, மெல்லிய படையாக நிற்கிறது. மழைதான் அதை நிரப்புகிறது. மணல் ஒயிலைத் தடுக்காது. கரையோரக் கொட்டில்களில் கியர் ஒயிலை மணலிலேயே வடியவிடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. அது இறங்குவது பிள்ளைகள் குடிக்கிற தண்ணீருக்குள். தரை மெல்லிய சரிவோடு ஒரு மூலைக்குச் சாயவேண்டும், அங்கே சீமெந்துக் குழியொன்று வேண்டும், வாசலில் இரண்டு அங்குல வரம்பு வேண்டும். சேர்ந்த ஒயிலைக் கலனில் எடுத்துக் கொடுத்துவிடலாம்.

வாகனச் சேவை நிலையங்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் கட்டாயம். கரையோரக் கொட்டில்களை யாரும் பார்ப்பதில்லை. கொட்டில்காரரைத் தண்டிக்கச் சொல்லவில்லை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியபோது அடி வாங்கிய கடற்றொழிலாளர்தான் எங்கள் வாடிக்கையாளர். தரைச் செலவை அவர்கள் தலையில் ஏற்ற எங்களுக்கு மனமும் இல்லை, வழியும் இல்லை. ஆகவே வாழ்வாதார உதவியென்று கருவிப்பெட்டி கொடுக்கிறவர்கள், அதோடு ஒரு தரைக்கும் காசு ஒதுக்கவேண்டும். மன்னார் நகர சபையும் பிரதேச சபையும் பட்டறைக்கு அனுமதி கொடுக்கும்போது வரைபடத்தில் வரம்பும் குழியும் இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும்.

புதிதாகக் கொட்டில் போட நினைக்கிற தம்பிமாருக்கு ஒன்று. காசு தட்டுப்பாடென்றால் ரைல்சை விடுங்கள், பெயின்ற்றை விடுங்கள், ஷட்டரைக்கூட ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள். பொலித்தீனையும் ஏழு நாள் ஈரத்தையும் மட்டும் விட்டுவிடாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் பிறகு சேர்க்கலாம். வார்த்து முடிந்த தரைக்கு இவை இரண்டையும் சேர்க்க ஒரு வழியும் இல்லை.