பன்னியைச் சுடச் சொல்ற நாம என்ன பதில் சொல்றோம்?

காட்டுப்பன்னியைச் சுடக்கூடாதுன்னு யாராவது எழுதினா, நம்ம விவசாயிங்க உடனே "ஏசி ரூம்ல உட்கார்ந்து பேசாதீங்க"ன்னு பாயறாங்க. பொதட்டூர்பேட்டை டீக்கடையில நானும் அப்படிப் பேசினவன்தான். இப்போ அது சரியான பதிலாத் தோணலை.

ஒரே ராத்திரியில வேர்க்கடலைக் கொல்லையைக் கிளறிப் போட்டா கோபம் வரும்தான். ஆனா கோபத்துல ஒண்ணைச் சொல்லாம விட்டுடறோம். சுட விடலைன்னா பன்னி பிழைச்சுக்கிறதில்லை. தீனியில வெச்ச நாட்டு வெடியைக் கடிச்சு, வாய் கிழிஞ்சு, தின்ன முடியாம நாள்கணக்கா கிடந்து சாகுது. திருட்டுக் கரண்டு வேலியில யானையும் சாகுது, தண்ணி பாய்ச்சப் போற மனுசனும் சாகறான். துப்பாக்கி இதைவிட எவ்வளவோ மேல்.

2025 ஜனவரியில தமிழக அரசு அறிவிச்சதும் ஆளாளுக்குத் துப்பாக்கி இல்லைங்க. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள்ள சுடவே கூடாது. 1 முதல் 3 வரைக்கும் பிடிச்சுக் காட்டுல விடணும். அதுக்கு அப்பால்தான் சுடலாம், அதுவும் வனத்துறை ஆளுங்க மட்டும்.

அப்போ மலையடிவாரத்துக்காரனுக்கு? பன்னி முதல்ல இறங்கறது அவன் கொல்லையிலதான். அவனுக்கு நஷ்டஈடாவது அடுத்த விதைப்புக்குள்ள கைக்கு வரணும். பன்னிக்காகப் பேசறவங்க அந்த மனுவுல எங்களோட கையெழுத்துப் போடுங்களேன்.