நோம்பி என்னும் நாட்டில் கார்னிவல் எதற்கு?

கொங்கு நாட்டில் திருவிழாவுக்கு வழங்கும் பெயர் 'நோம்பி'. மாரியம்மன் நோம்பி, ஆடி நோம்பி, தீபாவளி நோம்பி என்று அவிநாசியிலும் பல்லடத்திலும் பெருந்துறையிலும் முதியோர் சொல்ல இன்றும் கேட்கிறோம். 'நோன்பு' என்ற சொல்லின் பேச்சுவழக்கே அது. உண்ணாது நோற்பதைக் குறிக்கும் சொல்லையே உண்டு மகிழும் நாளுக்கும் சூட்டினர் நம் முன்னோர். நோற்றவனுக்கே விழா என்னும் பேருண்மை அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

இம்மண்ணில் அண்மைக் காலமாக வேறொரு சொல் செல்வாக்குப் பெற்று வருகிறது. 'கார்னிவல்' என்பதே அச்சொல். தவக்காலம் நெருங்கும் பெப்ரவரி மாதத்தில் வெனிஸ் நகரின் முகமூடிகளையும் கோவாவின் அலங்கார ஊர்திகளையும் காட்டிச் சுற்றுலா விளம்பரங்கள் நம் வீடுகளுக்குள் வருகின்றன. வணிகத்தின் பொருட்டும் கல்வியின் பொருட்டும் ஐரோப்பா சென்று திரும்பும் நம் பிள்ளைகள், அங்கே கண்ட கோலாகலத்தை வியந்து பேசுகின்றனர். பள்ளிகளோ நிதி திரட்டும் பொருட்காட்சிக்கெல்லாம் கார்னிவல் என்றே பெயர் சூட்டுகின்றன. இறைச்சிக்கு விடைகொடுத்தல் என்று பொருள்படும் சொல்லைத் தோரணமாகக் கட்டி, அதன் கீழே, தவக்கால வெள்ளியன்றே கோழி வறுவல் விற்கும் விந்தையையும் நாம் காண்கிறோம்!

இளையோர் நம்மிடம் கேட்கும் வினா ஒன்று உண்டு. "ஐரோப்பியக் கத்தோலிக்கர் தவக்காலத்துக்கு முன் ஆடிப்பாடி மகிழ்கின்றனர், கோவாவிலும் அப்படியே. நமக்கு மட்டும் சாம்பலும் சிலுவைப்பாதையும் தானா?" இவ்வினாவை உலகப்பற்று என்று ஒதுக்கிவிடுதல் முறையன்று. மகிழ்ச்சியைத் தேடுவது பாவமன்று. ஆனால் எந்த மகிழ்ச்சி, யாருடைய மகிழ்ச்சி, எப்போது வரவேண்டிய மகிழ்ச்சி என்று கேட்காமல் இருப்பது பேதைமை.

முதலில் அச்சொல்லையே ஆராய்வோம். 'கார்னிவல்' என்பதன் வேர் 'இறைச்சியை விலக்குதல்' என்னும் இலத்தீன் வழக்கு என்பர் அறிஞர். செருமானியர் வழங்கும் 'ஃபாஸ்ட்நாக்ட்' என்பதற்கு 'நோன்புக்கு முந்தைய இரவு' என்று பொருள் கொள்வர். கோவாவின் ஊர்ப்புறங்களில் இவ்விழாவுக்கு 'இந்த்ரூஸ்' என்று பெயர். தவக்காலத்துக்குள் 'நுழைதல்' என்பது அதன் பொருள். ஆங்கிலேயர் அந்தச் செவ்வாய்க்கு இட்ட பெயரோ பாவசங்கீர்த்தனத்தைக் குறிப்பது. ஆக, அங்கும் விழாவின் பெயருக்குள் நோன்பு குடியிருந்தது. இடைக்காலத்தில் தவக்காலம் முழுவதும் இறைச்சியோடு முட்டையும் பாலும் வெண்ணெயும் விலக்கப்பட்டன. வீட்டில் இருந்தவற்றைக் கெட்டுப்போகும் முன் சமைத்து, அயலாரோடு பகிர்ந்து உண்டு, பாவசங்கீர்த்தனம் செய்து, மறுநாள் நெற்றியில் சாம்பல் பூசி நாற்பது நாள் பட்டினிக்குள் நுழைந்த மக்களின் விருந்து அது. நாளை பசிக்கப் போகிறவன் இன்று வயிறார உண்பதில் ஒரு நேர்மை உண்டு.

இன்று அந்த நேர்மை எங்கே? செருமனியின் கொலோன் நகரில் ஒழுங்கமைக்கப்பட்ட ஊர்வலம் 1823-இல் தொடங்கியது. பிரான்சின் நீஸ் நகரத்துக் கார்னிவல், குளிர்காலத்தில் அங்கு வந்து தங்கும் செல்வந்தரை மகிழ்விக்கும் நோக்கத்தோடு 1873-இல் ஒரு குழுவின் கையில் ஒப்படைக்கப்பட்டது. நெப்போலியனின் படையெடுப்பால் 1797-இல் வெனிஸ் குடியரசு வீழ்ந்தபின் ஒளியிழந்த அந்நகரத்து முகமூடி விழாவுக்கு, 1979 வாக்கில்தான் மீண்டும் உயிரூட்டப்பட்டது. உயிரூட்டியது எது? பக்தியன்று; பயணிகள் வருகையும் வாணிபமும். கோவாவிலும் அதே கதைதான். சிற்றூர்களில் மாவும் வண்ணநீரும் தூவி, தெருநாடகம் ஆடி, ஏழை எளியோர் கொண்டாடிவந்த இந்த்ரூஸ், போர்ச்சுகீசியர் ஆட்சி முடிந்தபின் 1965-இல் பெருநகர ஊர்வலமாக உருமாறி, பின்னர் அரசின் சுற்றுலாத் துறைக்கு உரியதாயிற்று. 'மோமோ மன்னன்' என்று ஒருவருக்கு முடிசூட்டி, உண்டு குடித்துக் களிக்குமாறு ஆணையிடச் செய்கின்றனர். நோன்பு என்ற சொல் அம்மன்னனின் ஆணையில் இல்லை. இது திருச்சபையின் விழா அன்று என்று கோவா உயர்மறைமாவட்டமே தெளிவுபடுத்தியுள்ளது. அப்படியிருக்க, இதனைக் கத்தோலிக்கரின் விழா என்று விளம்பரம் செய்வது எவ்வகையில் நியாயம்?

கொலோன் நகரத்து விழாவை நாம் நேரில் கண்டதுண்டு. திங்கட்கிழமை ஊர்வலத்தில் ஊர்திகளிலிருந்து இனிப்புகளும் மலர்க்கொத்துகளும் மழையெனப் பொழிகின்றன. ஆட்சியாளரை எள்ளி நகையாடும் உருவங்கள் அணிவகுக்கின்றன. அந்தச் சிரிப்பில் ஒரு துணிவு உண்டு, அதை மறுக்கமாட்டோம். ஆனால் செவ்வாய் நள்ளிரவில் நடப்பதே நம் சிந்தனைக்கு உரியது. மதுக்கூடங்களின் வாயிலில் 'நூபல்' என்னும் வைக்கோல் பொம்மை ஒன்றைத் தொங்கவிட்டிருப்பர். விழாவில் செலவழித்த பணத்துக்கும், குடித்த குடிக்கும், செய்த பிழைகளுக்கும் அந்தப் பொம்மையே பொறுப்பு என்று உரக்கக் குற்றம் சாட்டி, அதற்குத் தீ வைக்கின்றனர். பொம்மை எரிந்ததும் கூட்டம் கலைகிறது. வேடிக்கைதான்! ஆயினும், ஒப்புரவு அருட்சாதனம் மறைந்த இடத்தில் வைக்கோல் பொம்மை வந்து அமர்ந்துகொண்டது என்பதை எண்ணும்போது சிரிப்பு நின்றுவிடுகிறது. மறுநாள் உணவகங்களில் மீன் விருந்து என்ற வழக்கம் எஞ்சியிருக்கிறது. நெற்றியில் சாம்பல் பெற வருவோரோ, முந்தின நாள் தெருவை நிறைத்தோரில் ஒரு சிறு பகுதியினரே.

நோன்பு இருந்த காலத்திலும் கார்னிவலில் எல்லாம் நலமாக இருந்தது என்று கொள்ள வேண்டா. 1466-இல் திருத்தந்தை இரண்டாம் பவுல் உரோமை நகரத்துக் கார்னிவல் ஓட்டப்பந்தயங்களை ஊரின் நடுத்தெருவுக்குக் கொண்டுவந்தார். அந்தப் பந்தயங்களில் யூதர்கள் ஓடச் செய்யப்பட்டனர். கூட்டம் அவர்களை ஏளனம் செய்து களித்தது. இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகு, 1668-இல்தான் திருத்தந்தை ஒன்பதாம் கிளமெந்து அந்தக் கொடுமையை நிறுத்தினார். அதற்கும் ஈடாக யூதர்கள் பணம் செலுத்த வேண்டியிருந்தது. திருச்சபையின் வரலாற்றில் வெட்கத்தோடு வாசிக்க வேண்டிய பக்கம் இது. வலியோனை நோக்கிச் சிரிப்பதாகத் தொடங்கும் களியாட்டம், எளியோனை நோக்கிச் சிரிப்பதில் எத்தனை எளிதாக முடிந்துவிடுகிறது! சாதியின் பெயரால் தெருவையும் கல்லறையையும் பிரித்துவைத்த வரலாறு கொண்ட தமிழகத் திருச்சபை இப்பாடத்தை மறக்கலாகாது.

அக்காலத்துப் புனிதர்கள் என்ன செய்தனர்? 1556-இல் இத்தாலியின் மச்செராட்டா நகரில் இயேசு சபையினர் கார்னிவல் நாள்களில் நற்கருணையை நிறுவி, நாற்பது மணி நேர ஆராதனை நடத்தினர். உரோமையில் புனித பிலிப்பு நேரி கையில் சாட்டை எடுக்கவில்லை. இளைஞரை அழைத்துக்கொண்டு ஏழு பேராலயங்களுக்கு நடந்தார். வழியெங்கும் பாட்டும் இசையும். நடுவே மரநிழலில் அமர்ந்து எளிய உணவு. களிப்பை விலக்காமல் அதற்கு நல்லதொரு வழி காட்டிய ஞானம் அது. நமக்குத் தேவைப்படுவதும் அந்த ஞானமே.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நமக்குக் கார்னிவல் இல்லை என்று சொல்வதும் முழு உண்மையன்று. திருநீற்றுப் புதனுக்கு முந்தின செவ்வாயன்று இறைச்சிக் கடையில் நம்மவர் கூட்டத்தைப் பாருங்கள்! தவக்காலத்தில் திருமணம் கூடாதென்று அதற்கு முன் அவசர அவசரமாக நடக்கும் விருந்துகளைப் பாருங்கள்! பாட்டிமார் காலத்தில் அந்தச் செவ்வாய் விருந்துக்குப் பொருள் இருந்தது. மறுநாள் முதல் ஒருசந்தியும் சுத்தபோசனமும் வீட்டின் சட்டமாக இருந்தன. 1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நோன்புச் சட்டத்தைத் தளர்த்தினார். திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியுமே இன்று கட்டாய ஒருசந்தி நாள்கள். ஏன் தளர்த்தினார்? சட்டத்துக்கு அஞ்சிப் பட்டினி கிடப்பதைவிட, அன்பினால் விரும்பி நோற்று, பசித்தவனோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதற்காக. தவக்கால ஒறுத்தல் உள்ளத்தளவில் நின்றுவிடாமல் வெளிப்படையாகவும் சமூகத்தன்மை கொண்டதாகவும் விளங்க வேண்டும் என்பதே இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் போதனை. நாமோ சட்டம் போனதும் நோன்பையும் சேர்த்து அனுப்பிவிட்டோம். செவ்வாய் விருந்தை மட்டும் வைத்துக்கொண்டோம். 2024-இல் திருநீற்றுப் புதனும் பெப்ரவரி 14-ஆம் நாள் காதலர் தினமும் ஒன்றாக வந்தபோது, எது எதற்கு வழிவிட்டது என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன் மனத்தைக் கேட்டுக்கொள்ளட்டும்.

நம் அயலாரைப் பார்ப்போம். ஈரோட்டில் மாரியம்மன் விழாவுக்குப் பூச்சாட்டியபின் கோவிலின் முன் கம்பம் நடுகின்றனர். மக்கள் நோன்பு காக்கின்றனர். பெண்கள் நாள்தோறும் கம்பத்துக்கு நீர் ஊற்றுகின்றனர். எல்லாம் நிறைவேறி, கம்பம் ஊர்வலமாகக் காவிரிக்குப் போகும் நாளில் நகரமே மஞ்சள் நீராடுகிறது. கடைக்காரரும் தொழிலாளியும் ஒருவர் மேல் ஒருவர் மஞ்சள் நீர் ஊற்றி மகிழ்கின்றனர். இங்கே வரிசையைக் கவனியுங்கள்: முதலில் நோன்பு, பிறகு நீராட்டு. கார்னிவலின் வரிசை இதற்கு நேர்மாறு: முதலில் களிப்பு, பிறகு நோன்பு, காலப்போக்கில் களிப்பு மட்டும். முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்கு வராதவனை நாம் என்னவென்று அழைப்போம்?

பாஸ்கா மறைபொருளின் வரிசையும் கொங்கு மண்ணின் வரிசையே. சிலுவை முன்னே, உயிர்ப்பு பின்னே. திருவிழிப்பில் மந்திரித்த நீரை நம்மேல் தெளிப்பதே நமது மஞ்சள் நீராட்டு. தவக்காலம் நாற்பது நாள். பாஸ்கா காலமோ ஐம்பது நாள். அந்த ஐம்பது நாளையும் ஒரே திருநாளாகக் கொண்டாட வேண்டும் என்று 1969-இன் திருவழிபாட்டு ஆண்டு ஒழுங்குமுறை கூறுகிறது. நம் பங்குகளில் நடப்பது என்ன? நாற்பது நாளும் ஆலயம் நிறைகிறது. உயிர்ப்புத் திங்களன்று வெறிச்சோடுகிறது. நமக்கு மகிழ்ச்சி இல்லை என்று முறையிடும் நாமே, மகிழ வேண்டிய ஐம்பது நாளைப் பூட்டி வைத்திருக்கிறோம்!

ஐரோப்பாவைப் பின்பற்ற வேண்டுமென்றால் அதன் நல்ல வழக்கங்களைப் பின்பற்றலாமே. செருமன் நாட்டுப் பகுதிகளில் ஒருகாலத்தில் உயிர்ப்பு ஞாயிறு மறையுரையில் குருக்கள் வேடிக்கை சொல்லி மக்களைச் சிரிக்க வைத்தனர். சாவு தோற்றது என்று சிரித்த சிரிப்பு அது. போலந்தில் உயிர்ப்புத் திங்களன்று ஒருவர் மேல் ஒருவர் நீர் ஊற்றி விளையாடுகின்றனர். ஆஸ்திரியாவிலும் செருமனியிலும் அதே நாளில் எம்மாவு சீடர்களை நினைந்து குடும்பமாக நடைப்பயணம் போகின்றனர். இவற்றைச் சுற்றுலா விளம்பரங்கள் காட்டுவதில்லை. ஏனெனில் இவற்றுக்கு நுழைவுச்சீட்டு இல்லை.

ஆகவே, நம் இளையோருக்கு நாம் சொல்வது இது: களியாட்டம் வேண்டும், ஆனால் அதற்குரிய நாளில் வேண்டும். உயிர்ப்பு வாரத்தில் கும்மியும் ஒயிலாட்டமும் நம் ஆலய முற்றங்களில் ஒலிக்கட்டும். தவக்காலத்தில் மிச்சப்படுத்திய பணத்தில் ஊர்ப்பந்தி வைப்போம். சோமனூரின் விசைத்தறித் தொழிலாளியும், திருப்பூரின் பின்னலாடைக்கூடங்களில் உழைக்கும் வடபுலத்து இளைஞரும், நாம் இதுவரை நம் இலையருகே அமர்த்தாதவர்களும் அந்தப் பந்தியில் முதலில் அமரட்டும். தவம் என்று பெயரிடாமலே ஆண்டு முழுதும் வயிற்றைச் சுருக்கி வாழும் அவர்கள், நம்மைவிட நீண்ட நோன்பு நோற்றவர்கள்.

கொங்கு மண் நமக்கு ஒரு சொல்லைத் தந்திருக்கிறது. நோன்பைத் துறந்துவிட்டு விழாவை மட்டும் வைத்துக்கொண்டால், ஐரோப்பாவின் கார்னிவலைப் போலவே நம் நோம்பியும் பொருள் இழந்த வெறும் ஓசையாகிவிடும். நோற்போம், பகிர்வோம், பிறகு நீராடுவோம்.