சிரிச்சுக்கொண்டு சாகிறது சின்ன விசயமில்லை

‘லீதல் கம்பனி’ பற்றி எழுதப்போறம் எண்டால் உடனே வாற கேள்வி: “உது சும்மா கத்திக் கூத்தடிக்கிற கேம்தானே, எழுத என்ன கிடக்கு?” அழவைக்கிற படத்துக்கு ஆறு பக்கம் எழுதுகிற நாங்கள், சிரிக்கவைக்கிற ஒன்றுக்கு ஆறு வரி எழுதக் கூச்சப்படுகிறோம். இந்தக் கூச்சத்தோடுதான் எங்கட சண்டை.

2023 ஒக்டோபரில் ஸ்டீமில் வந்த இந்த கேமைச் செய்தது ஸீக்கர்ஸ் என்ற பெயரில் இயங்கும் ஒரே ஒரு ஆள். நாலு பேர் வரை சேரலாம். கைவிடப்பட்ட நிலவுகளில் இறங்கி, பழைய இரும்பு, மணி, ஹோர்ன் எல்லாம் பொறுக்கி ‘கம்பனி’க்கு விற்க வேணும். மூன்று நாளுக்குள் சொன்ன தொகை சேராவிட்டால் எல்லாரையும் விண்வெளிக்குள் தள்ளிவிடுவார்கள். சேர்த்தாலும் விடுதலை இல்லை, அடுத்த தவணைக்கு இன்னும் பெரிய தொகை. கூட்டாளி செத்தால் தண்டப்பணம். உடலைக் கப்பலுக்குத் தூக்கிவந்தால் அது குறையும். நாள் முடிவில் அறிக்கை வேறு, அதில் ஆர் பெரிய சோம்பேறி என்றும் எழுதியிருக்கும்.

உழைப்புச் சுரண்டலைப் பற்றிக் கலைப்பீடத்தில் பக்கம் பக்கமாக நோட்ஸ் எடுக்கிறோம். பிணத்துக்கும் கணக்குப் பார்க்கிற முதலாளியை இவ்வளவு நேராகக் காட்டுகிற கேம் வந்தால் மட்டும் ‘பொழுதுபோக்கு’ என்று ஒதுக்கிவிடுகிறோம். இது என்ன நியாயம்?

“அதெல்லாம் ஆர் யோசிக்கினம், பெடியள் சிரிக்கத்தானே விளையாடுறாங்கள்” என்பீர்கள். ஓம், சிரிக்கத்தான். ஆனால் அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருது எண்டு பாருங்கோ. இதில் பக்கத்தில் நிற்கிறவரின் குரல்தான் கேட்கும். தூரம் போகப்போகக் குரல் தேயும். “டேய், இஞ்ச ஒரு…” என்றதோடு சத்தம் நிற்கும். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம், அடுத்த கணம் இருட்டுக்குள் தனிய நிற்கிறம் என்று விளங்கும். ஒரே மௌனம்தான் பகிடியும் பயமும்.

‘கொயில் ஹெட்’ என்றொரு பேய் இருக்கு. பார்த்துக்கொண்டிருந்தால் அசையாது, கண்ணை எடுத்தால் பாயும். ஒருத்தர் அதையே பார்த்துக்கொண்டு நிற்க, மற்றவர்கள் சாமானோடு வெளியேற வேணும். கம்பனியின் கணக்கில் நிற்கிறவருக்கு எந்தப் பெறுமதியும் இல்லை. எண்டாலும் ஆரோ ஒருத்தர் நிற்கினம். வசனம் பேசிப் புரியவைக்காமல் தோழமையை எங்களைக்கொண்டே செய்யவைக்கிறது இது.

2024 இல் வந்த ‘கொன்டென்ட் வோர்னிங்’கும் இதே வழிதான். அதில் பேயைப் படம் பிடித்து வியூஸ் எடுக்க வேணும். நண்பன் சாகிறதும் வியூஸ்தான்.

தனிய விளையாடினால் இவை வெறும் இருட்டு, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் தனிய நடித்தால் நாடகமும் பாதி செத்துப்போகும், அதற்காக நாடகத்தைக் கலையில்லை என்று நாங்கள் சொல்வதில்லையே! மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு இரவு விளையாடுங்கோ. பிறகு வந்து எங்களோட சண்டை பிடியுங்கோ.