குப்பைமேட்டுக் கருமண்

ஹெப்பகோடியில் வாழும் நம் சங்கத்து அன்பர் ஒருவரின் இல்லத்திற்குக் கடந்த திங்களில் சென்றிருந்தோம். மொட்டைமாடித் தொட்டிகளில் தண்டுக்கீரையும் சிறுகீரையும் கொழுகொழுவென்று வளர்ந்திருந்தன. வண்டியில் வந்த ஒருவரிடம் மூட்டைக்கணக்கில் வாங்கிய கருமண்ணே காரணம் என்றார் அன்பர். நகரத்துப் பழைய குப்பைமேட்டைக் கிளறிச் சலித்தெடுத்த மண்ணாம் அது. “இதிலென்ன அதிசயம்? தருமபுரியில் வருஷா வருஷம் காட்டுக்கு வண்டி வண்டியாய்க் குப்பை அடித்தவர்கள்தாமே நாம்!” என்றார் வீட்டுப் பாட்டியார். தொட்டியைச் சற்றே கிளறினோம். கண்ணாடிச் சில்லு ஒன்றும் துருவேறிய பாட்டரிக்கட்டை ஒன்றும் கையில் அகப்பட்டன.

பாட்டியார் சொன்னது பொய்யன்று. நம் ஊரில் குப்பை என்றால் எரு. சாணமும் சாம்பலும் தழையும் மக்கியது. அக்குப்பையில் தானே முளைத்ததைக் குப்பைக்கீரை என்று பெயரிட்டு உண்டோம். சொல் அப்படியே இருக்கிறது; பொருள்தான் மாறிவிட்டது.

நகரக் குப்பையை எருவாக்கும் எண்ணம் இவ்வூருக்குப் புதிதன்று. 1939-ஆம் ஆண்டில் இங்குள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஆச்சார்யா என்னும் அறிஞர் வகுத்த முறை உலகெங்கும் ‘பெங்களூர் முறை’ என்றே வழங்குகிறது. குப்பையையும் மனிதக் கழிவையும் குழியில் அடுக்கடுக்காக இட்டு, மண்ணால் மூடி, மாதக்கணக்கில் மக்கவிடுவது அது. 1975-இல் கர்நாடகக் கம்போஸ்டு வளர்ச்சிக் கழகமும் தோன்றியது. இப்பகுதிச் செம்மண்ணுக்கு இத்தகைய எரு அருமருந்து. ஈரத்தைப் பிடித்து வைக்கும். கெட்டிப்பட்ட மண்ணைப் பொலபொலவென்று ஆக்கும். சத்துக்களைச் சிறுகச் சிறுக ஊட்டும்.

ஆனால் 1939-இன் குப்பையில் மின்னணுக் கழிவு ஏது? மண்டூர் போன்ற மேடுகளில் (அங்குக் குப்பை கொட்டுவது 2014-இன் இறுதியில்தான் நின்றது) சோற்றுப் பருக்கையும் குழல்விளக்கும் வண்ணப்பூச்சு டப்பாவும் ஒன்றாகவே புதைந்தன. சோறு மக்கும். காரீயமும் காட்மியமும் பாதரசமும் மக்குவதில்லை. மற்றவை கரையக் கரைய, எஞ்சிய மண்ணில் இவற்றின் விகிதம் கூடவே செய்யும்.

நம்மை ஏமாற்றுவது செடியின் செழிப்புத்தான். காட்மியத்தை வேர்வழி உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொண்டும் கீரை வாடாமல் நிற்கக்கூடும். காய்களைவிடக் கீரைகளிலேயே அது மிகுதியாகச் சேரும். நாளடைவில் உண்பவரின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கழுவினால் போகாதோ எனில், இலைமேல் ஒட்டிய தூசு போகும். உள்ளே சென்றது போகாது. காரீயம் பெரும்பாலும் மண்ணிலேயே தங்கும். ஆயினும் தொட்டியருகே விளையாடும் குழந்தை விரலை வாயில் வைக்காமல் இருக்குமா? இளம்பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் காரீயம் பாதிக்கும்.

ஒரு கிலோ நகர எருவில் காரீயம் 100 மில்லிகிராமுக்கும், காட்மியம் 5-க்கும், பாதரசம் 0.15-க்கும் மிகலாகாது என்பது 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் உள்ள விதி. பெயரும் முகவரியும் இல்லாத மூட்டைக்கு இக்கணக்கை யார் பார்த்தார்? மண் ஆய்வுக்குக் கொடுப்பவர்களும் ஒன்றை நினைவிற்கொள்க: வழக்கமான ஆய்வு தழை, மணி, சாம்பல் முதலிய சத்துக்களையே சொல்லும். காரீயமும் காட்மியமும் வேண்டுமெனத் தனியே கேட்க வேண்டும்.

இதற்காக நகர எரு முழுவதையும் பழிக்க நாம் ஒருப்படோம். வீட்டிலேயே பிரித்துக் கொடுத்த காய்கறிக் கழிவிலிருந்து ஆக்கி, மேற்படி அளவுகளுக்கு உட்பட்டதென்று சான்று பெற்ற எரு வேறு. மேட்டைத் தோண்டிச் சலித்தது வேறு. பின்னதைக் கீரைக்கும் கிழங்குக்கும் இடவே வேண்டா.

அன்பர் கீரையைப் பிடுங்கிவிட்டார். மூட்டை மண்ணைக் கட்டி ஒதுக்கிவைத்தார். ஆறாத மனத்தோடு பார்த்திருந்த பாட்டியார், மறுவாரமே ஓட்டைப் பானை ஒன்றில் காய்த்தோலும் காய்ந்த சருகும் மாற்றி மாற்றிப் போடத் தொடங்கிவிட்டாராம். அதில் விளையும் முதற்கட்டுக் கீரை நமக்கென்று சொல்லியனுப்பியிருக்கிறார்.